கிலியான் வாட்செக் தொடங்கிய அணிநடை

கிலியான் வாட்செக்கை வியன்னாவில் எங்கள் பங்குக் கோயிலின் பாடற்குழு மாடத்தில்தான் முதன்முதலில் பார்த்தேன். நான் அங்கே ஆர்கன் வாத்தியத்துக்குத் துருத்தியில் காற்று மிதிக்கிறவன். மிதிக்கிறவனுக்கு இசை தெரியாது என்பார்கள். கால் வலித்தால் அது நீளமான பூசை, வலிக்காவிட்டால் குட்டையான பூசை. எனக்குத் தெரிந்த இசை அவ்வளவுதான். பெரிய திருநாட்களில் செப்பு முரசு அடிக்க ஆள் வேண்டியிருந்தது. பட்டாளத்தில் டிரம் அடித்தவர் ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார் என்று இவரைக் கூட்டி வந்தார்கள்.

மெலிந்த, நிமிர்ந்த மனிதர். பத்து வருஷத்துக்கு மேல் ரெஜிமென்டில் இருந்தவர், அதில் பாதி இத்தாலியில். நடுப்பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது முரசை அவர் தொடுவது, ஒரு தாய் தொட்டில் பிள்ளையைத் தட்டுவது மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் மிதிப்பேன்.

குடியிருந்ததும் எங்கள் வீட்டிலேதான். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் மரநடை, இருபத்திரண்டு குடித்தனம், நடுவில் ஒரே தண்ணீர்க் குழாய். எங்கள் கதவுக்கு நேரெதிர் கதவு அவர்களுடையது. மனைவி பெயர் அப்பொலோனியா. எல்லாருக்கும் லோனி. துரைமார்களின் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். அவள் சிரித்தால் குழாயடியில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"தத்தே அண்ணே, உங்க சிநேகிதர் வீட்டுல வாயைத் திறக்கிறது சூப்பு குடிக்க மட்டுந்தான். டிரம்மைக் கட்டிக்கிட்டிருந்தாலும் தட்டினா சத்தமாவது வரும்" என்பாள் என்னிடம். கிலியான் சூப்பைக் குடித்துக்கொண்டே இருப்பார்.

அவர்கள் கல்யாணம் நடந்த விதம் இது. லோனிக்கு ஒரே தம்பி, ஃப்ளோரியான். சீட்டுக் குலுக்கலில் கிலியானோடு ஒரே நாளில் பட்டாளத்துக்கு எடுக்கப்பட்டவன். இரண்டு பேரும் ஒரே கம்பெனி. சேவை முடிந்து கிலியான் மட்டும் திரும்பினார். நேராக லோனியிடம் போய், தம்பி இத்தாலியில், மாந்துவாவில் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல்லி, அவனுடைய புகையிலைப் பையைக் கொடுத்தார். அத்தனை தூரம் நடந்து வந்து சொன்ன மனிதரின் நல்ல மனசைப் பார்த்துத்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒரு குறை இருந்தது. புதைத்த இடம் எது என்று கிலியானுக்குச் சொல்லத் தெரியவில்லை. "அந்த ரெஜிமென்ட் ஆள் யாரையாவது பாத்தாக் கேக்கணும் அண்ணே. ஒரு சிலுவையாவது நட்டிருப்பாங்கல்ல?" என்று என்னிடம் பல தரம் கேட்டிருக்கிறாள்.

அந்தக் காலத்தில் ரைண்டல் என்று ஒரு இசைக்குழுத் தலைவர் இருந்தார். ஞாயிறு சாயங்காலம் பீர்க்கடைத் தோட்டத்தில் நாற்பது பேரை வைத்து வாசிப்பார். சனம் பீரும் தொத்திறைச்சியுமாக உட்கார்ந்து கேட்கும். நம் ஊர்ச் சனத்தின் வழக்கம் தெரிந்ததே. புது உருப்படியை மூன்று தரமாவது திருப்பி வாசிக்க வைக்காவிட்டால் அது செத்த உருப்படி. ரைண்டல் ஐயாவுக்கு அந்த வருஷம் இரண்டு செத்துப்போயிருந்தன. இப்போது ஒரு அணிநடை எழுதிக்கொண்டிருந்தார். படை நடக்கிற தாளத்தில், கேட்கிறவன் காலும் தானாக எழும்பும்படி. மற்ற வாத்தியமெல்லாம் சும்மா இருக்க, டிரம் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகவே கிலியானைக் குழுவில் சேர்த்திருந்தார்.

ஒத்திகை நடந்த நாளில் நான் அங்கே இருந்தேன். மறுநாள் ஒரு பிரேதப் பூசைக்கு முரசு வேண்டுமென்று அவரைக் கூப்பிடப் போயிருந்தேன். சாராயக்கடைக்குப் பின்னால் ஒரு நீளமான கூடம். கிலியான் ஏதோ அடித்தார்.

"என்னய்யா இது, பால்காரி கதவைத் தட்டுற மாதிரி?" என்றார் ரைண்டல். "நீ நிஜப் பட்டாளத்தான்ல? ரெஜிமென்ட்ல அடிச்சதை அடி."

கிலியான் காலை எழுப்பும் அடியை அடித்தார்.

"இது சமையக்காரிக்கும் தெரியும். வேற."

இரவு படுக்கப்போகச் சொல்லும் அடியை அடித்தார். "ஐயோ, இது கடையை மூடச் சொல்றது! இதைக் கேட்டா நான் அழுதுடுவேன்" என்றார் பசூன் குழல் வாசிக்கிற தடியர். எல்லாரும் சிரித்தார்கள்.

"யாரும் கேட்டிராத ஒண்ணு உன்கிட்ட இருக்காதா?"

"இல்லைங்க ஐயா."

"இருக்கும். யோசிக்காதே. கையை விட்டுடு, அது பாட்டுக்குப் போகட்டும்."

கிலியான் கையை விட்டார். முதலில் இரண்டு குட்டி அடி, ஒரு நீள அடி. பிறகு மழை ஓட்டின்மேல் ஓடி வருவது போல ஒரு உருட்டல், அதன் முடிவில் ஒரு துள்ளல். நடுவில் மூச்சுவிடக்கூட இடைவெளி கிடையாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் காலே எழும்பியது. பசூன்காரர் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டார். கிலியான் திடுமென்று நிறுத்தினார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"இது வேண்டாங்க. தெரியாம வந்துடுச்சு."

"வேண்டாமா? தங்கம்யா இது! மறுபடி அடி, எழுதிக்கிறேன். இதுக்கு ரெஜிமென்ட்ல என்ன பேரு?"

"பேரு கிடையாதுங்க."

திரும்பி வரும்போது பாதி வழியில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னார். பட்டாளத்தை விட்டு இரண்டாம் தரம் ஓடிப் பிடிபட்டவனுக்கு ஒரு தண்டனை இருந்தது. முந்நூறு பேர் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு பிரம்பு. குற்றவாளியைச் சட்டையைக் கழற்றி நடுவில் நடக்கவிடுவார்கள். ஓட முடியாதபடி அவனுக்கு முன்னால் ஒருவன் துப்பாக்கி முனைக் கத்தியை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டியபடி பின்பக்கமாக நடப்பான். கடக்கும்போது ஒவ்வொருவனும் முதுகில் அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தவனுக்கும் அதே தண்டனை. அது நடந்து முடிகிறவரைக்கும் டிரம் ஓயக்கூடாது.

"ஃப்ளோரியானுக்குக் காய்ச்சல் எல்லாம் வரலை தத்தே. ஆறு தரம் போகவர நடக்கவிட்டாங்க. நாலாம் நாள் செத்தான். நான்தான் டிரம் அடிச்சேன். இந்த அடி அந்த அடிதான்." வேலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "லோனிகிட்ட சொல்லிடவா?" என்று கேட்டார்.

நான் சொன்ன புத்தியை மறைக்காமல் எழுதுகிறேன். "வேண்டாம்ப்பா. பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்டச் சொல்லு. அது போதும். அவ நெஞ்சு தாங்காது" என்றேன். சண்டை சச்சரவு என்றால் எனக்குச் சிறு வயது முதல் பயம். அந்தப் பயத்தைத்தான் இரக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது பாவமாகாது என்று குருவானவர் ஆறுதல் சொல்லி அனுப்பினாராம். "அபராதம் மூணு அருள்நிறை மந்திரம். நூறு பிரம்புக்கு ஒரு மந்திரம் கணக்கு" என்றார் கிலியான். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்த அணிநடை முதல்நாளே ஊரைப் பிடித்துவிட்டது. கிலியான் தனியாகத் தொடங்கினார். உருட்டல் முடிந்து துள்ளல் வந்த இடத்தில் பிடிலெல்லாம் பாய்ந்தன. சனம் கைத்தடியால் சரளைக்கல்லைத் தட்டியது. இரண்டாம் தரம் கை தட்டியது. மூன்றாம் தரத்தில் டிரம்மோடு சேர்ந்து எல்லாரும் தட்டினார்கள், தோட்டம் முழுக்க, குழந்தைகள் முதல். லோனி நாற்காலிமேல் ஏறி நின்றாள். "எங்க வீட்டுக்காரரு! தொடங்கினாரே, அவருதான்! வீட்டுல ஊமை, இங்க பாருங்கய்யா!" என்று பக்கத்து மேசைக்காரர்களிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு தப்பிக்க இடமில்லை. கைச்சக்கரப் பாட்டுப்பெட்டி சுற்றுகிறவன் எங்கள் முற்றத்துக்கு வந்து அதையே சுற்றினான். ரொட்டிக்கடையில் அதையே சீட்டியடித்தார்கள். எல்லாவற்றையும்விட, லோனி சட்டை தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியைப் பலகையில் வைத்து வைத்து எடுத்து அதே அடியைத் தட்டினாள். இரண்டு குட்டி, ஒரு நீளம், பிறகு உருட்டல். கிலியான் மரநடையில் வந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

"நிறுத்து லோனி."

"ஏங்க, உங்க பாட்டுத்தானே?"

"நிறுத்துன்னேன்."

"பாருங்க அண்ணே, பெரிய மனுசர் ஆனதும் கெடுபிடியை!" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டுவாள்.

ஆகஸ்டில் ஒரு சேதி வந்தது. கிலியானின் ரெஜிமென்ட் இத்தாலியிலிருந்து வியன்னாவுக்கு மாற்றலாகி வருகிறது. ரைண்டல் ஐயா தம் அணிநடையை அந்த ரெஜிமென்டுக்கே சமர்ப்பணம் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கர்னல் முதல் சிப்பாய் வரை தோட்டத்துக்கு வருகிறார்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். லோனி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே! அவன் கம்பெனி ஆளுங்க வருவாங்க. கல்லறையைப் பாத்தவன் ஒருத்தனாவது இருப்பான்."

கிலியான் ரைண்டலிடம் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். நான் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, அந்த ஆரம்பத்தை மட்டும் மாத்திடுங்க. வேற எதை வேணாலும் அடிக்கிறேன்."

"மூக்கை அறுத்துட்டு மூஞ்சியை விக்கச் சொல்றியா? சனம் வர்றதே அதுக்குத்தான்."

"அப்போ எனக்குப் பதிலா வேற ஆளை நிறுத்துங்க."

"நிறுத்துறேன். நாளைக்கே ஆறு பேர் வருவானுங்க. நீ அப்புறம் எங்க போவே? கோயில்ல வருஷத்துக்கு எட்டுப் பூசைக்கு அடிச்சா வயிறு நிறையுமா? சரி, காரணத்தைச் சொல்லு."

கிலியான் சொன்னார். ஒன்றும் விடாமல் சொன்னார். ரைண்டல் ஐயா கெட்டவர் அல்ல. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். பிறகு திரும்பி, "இதை வேற யாருக்கும் சொல்லிடாதே" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் கிலியான், "இன்னைக்கு அவகிட்டச் சொல்லிடுறேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை போகட்டும்ப்பா. வர்றவங்கள்ல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது" என்றேன். இரண்டாம் தரமும் நான்தான் தடுத்தேன்.

ஞாயிறன்று நல்ல வெயில். முன் வரிசையில் கர்னல், வெள்ளைக் கையுறையோடு. புதிதாக வந்தவர், இளவயது. பின்னால் நீள நீளமாக விசுப்பலகை போட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்கும் பின்னால் ஊர்ச்சனம். லோனி வெள்ளைக் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு நேரே சிப்பாய்களின் பலகைக்கே போய், மீசை நரைத்த ஒரு கார்ப்பரல் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். எங்கிருந்து வருகிறீர்கள், இத்தாலியில் சாப்பாடு எப்படி என்று அவள் பேச்சுக் கொடுப்பதற்குள் ரைண்டல் ஐயா கோலை உயர்த்திவிட்டார்.

கிலியான் தொடங்கினார்.

ஊர்ச்சனம் வழக்கம்போலக் கை தட்டியது. கர்னல் கையுறையால் தட்டினார். ஆனால் பலகைகளில் இருந்த சிப்பாய்களில், வயசான அத்தனை பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். ஒருவன் வாயில் போட்ட ரொட்டியை மெல்லாமல் வைத்திருந்தான். ஒருவன் பீர்க் குவளையைத் தரையில் வைத்தான். இளசுகள் இரண்டு பேர் கை தட்டப் போனதை அருகிலிருந்தவன் பிடித்து நிறுத்தினான். சுற்றிலும் அத்தனை குதூகலம், நடுவில் அந்தப் பலகைகள் மட்டும் தவக்காலத்துக் கோயில் மாதிரி.

"ஏன் தட்டாம உக்காந்திருக்கீங்க? உங்களுக்காகவே எழுதினதாச்சே!" என்று லோனி கார்ப்பரலை முழங்கையால் இடித்தாள்.

அவர் மேடையைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த அடிக்கு நாங்க கை தட்டுறதில்லை தாயி. கையில பிரம்பு வச்சிருப்போம்."

"பிரம்பா? எதுக்கு?"

"ஓடிப்போனவனை வரிசையில நடக்கவிட்டு அடிப்பாங்கல்ல. அதுக்கு டிரம்ல அடிக்கிறது இது."

லோனி ஒரு கணம் ஒன்றும் புரியாதவளாக இருந்தாள். பிறகு, தான் கேட்க வந்ததையே கேட்டாள். "என் தம்பி உங்க ரெஜிமென்ட்தான். ஃப்ளோரியான் ஹைன்ட்ல். மாந்துவால காய்ச்சல்ல செத்தவன். தெரியுமா?"

கார்ப்பரல் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. எழுத்துத் தெரியாத லோனியும் அதை வாசித்துவிட்டாள்.

"காய்ச்சலா" என்றார். "யாரு சொன்னது?"

"என் வீட்டுக்காரரு. மேடையில நிக்கிறாரே."

கார்ப்பரல் மறுபடி மேடையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "வாட்செக்" என்று முணுமுணுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, "நானும் அடிச்சேன் தாயி. மூணாவது ஆளா நின்னேன்" என்றார்.

அதற்குள் உருப்படி முடிந்து, சனம் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கத்தியது. லோனி எழுந்து நின்றாள். நாற்காலிமேல் ஏறவில்லை, தரையில்தான் நின்றாள். ஆனாலும் கிலியான் அவளைப் பார்த்துவிட்டார். அவள் பக்கத்தில் தொப்பியில்லாமல் இருந்த கிழவரையும் பார்த்தார். குச்சிகளைக் கீழே இறக்கினார். ரைண்டல் ஐயா கோலை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். டிரம் இல்லாமல் யாரும் தொடங்க முடியாது. நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ம்" என்றார் ரைண்டல்.

கிலியான் அடித்தார். இரண்டாம் தரமும் அடித்தார், மூன்றாம் தரமும் அடித்தார். மூன்றாவது முடியும்போது லோனி தோட்டத்தில் இல்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் சமையல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கிலியான் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. நான் அவர் பின்னால் நின்றேன். அழுகை, கூச்சல் எதுவும் இல்லை.

"அவன் கத்தினானா?" என்று கேட்டாள்.

"கேக்கக்கூடாதுன்னுதான் டிரம் அடிக்கச் சொல்றது."

"கத்தினானா?"

"என் பேரைச் சொன்னான். வாய் அசைஞ்சது தெரிஞ்சுது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், சரி என்பது போல. "அன்னைக்கு நிறுத்தியிருந்தா உன்னையும் வரிசையில விட்டிருப்பாங்க. அதுக்காக நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள். அவர்களைத் தெரிந்த நாள் முதல் அவள் அவரை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. "இன்னைக்கு ஏன் அடிச்சே? என்னைப் பாத்துக்கிட்டே அடிச்சியே, இன்னைக்கு யாரு பிரம்பு வச்சிருந்தா?"

கிலியான் கையிலிருந்த டிரம் குச்சிகளை வாசற்படியில் வைத்தார்.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பலேருந்து?"

"ஒத்திகை அன்னையிலேருந்து."

"நான் இஸ்திரிப் பெட்டியால தட்டினப்பவும் தெரியும்."

"தெரியும்மா."

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கைவசம் வாங்கியிருந்த சட்டைகள் இருந்ததால் சனிக்கிழமை வரை இருந்தாள். எல்லாவற்றையும் தேய்த்தாள், ஞாயிறு கச்சேரிக்குக் கிலியான் போடுகிற சட்டையையும் சேர்த்து. பிறகு கிரெம்ஸ் ஊரில் அவள் அத்தை மகள் வீட்டுக்குப் படகேறிப் போய்விட்டாள். மறுநாள் கிலியான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அணிநடையைத் தொடங்கினார். சனம் மூன்று தரம் கேட்டது.

சில வருஷத்தில் அந்தத் தண்டனையையே எடுத்துவிட்டார்கள். மெட்டு மட்டும் நின்றது. கிலியான் இன்னும் பதினோரு கோடைக்காலம் அதைத் தொடங்கி வைத்தார். கோயிலில் முரசடிக்க வருவதை நிறுத்திவிட்டார். நான் கேட்டதற்கு, "அங்க என் கை நடுங்குது தத்தே. தோட்டத்துல நடுங்குறதில்லை" என்றார். ஒரு பிப்ரவரி மாதத்தில் நெஞ்சு அடைத்துச் செத்தார். அவர் கண்ணை மூடிவிட்டவன் நான்தான்.

கிரெம்சுக்கு எழுதினேன். என் எழுத்து கோணல்மாணல், ஆனாலும் வேறு ஆளிடம் எழுதச் சொல்ல மனசில்லை. மூன்று வாரம் கழித்து யாரோ கையெழுத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் அதில் இல்லை. "இரண்டு பேர் பெயருக்கும் பூசை வையுங்கள், ஒரே நாளில் வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தது.

அப்படியே செய்தேன். ஃப்ளோரியானுக்குச் செவ்வாய், கிலியானுக்கு வெள்ளி. இரண்டுக்கும் நான்தான் காற்று மிதித்தேன். முரசுக்கு ஆள் இல்லை.